நைட் ஷிஃப்ட்ல தேடினா கிடைக்கணும்

[காட்சி: மணலி சாலை, டேங்கர் லாரி வரிசை, பின்னால ஆலைச் சிம்னிகள்]

மணலியில எண்ணெய் சுத்திகரிப்பு ஆரம்பிச்சது 1969-ல. அப்போ வேலைக்குச் சேர்ந்தவங்க ரிட்டயர் ஆகி ரொம்ப வருஷமாச்சு. அவங்ககிட்ட தொழில் கத்துக்கிட்டவங்களும் இப்போ ஒவ்வொருத்தரா கிளம்புறாங்க. அவங்களோட சேர்ந்து எது வெளியே போகுதுன்னு பார்ப்போம். மணலி, எண்ணூர் பக்கம் ஒரு பெரிய ஆலைன்னு வச்சுக்குங்க.

[காட்சி: பம்ப், மோட்டார் வரைபடம், பம்ப் சூடாகி மேலே ஏறுது]

சூடான எண்ணெய் தள்ளுற பம்ப் ஓட ஓட விரிஞ்சு, மட்டம் லேசா மேல ஏறும். அதனால, ஆறியிருக்கும்போதே அலைன்மென்ட், அதாவது பம்ப் ஷாஃப்ட்டும் மோட்டார் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டுல வருதான்னு பார்க்கிற ஃபிட்டர், மோட்டார் காலடியில 'ஷிம்'ங்கிற மெல்லிசான தகடு கூடுதலா வைப்பார். எவ்வளவுன்னு மேனுவல் ஒரு கணக்கு சொல்லும். ஆனா இந்த பம்ப்பைக் குழாய் வேற ஒரு பக்கமா இழுக்குது. அதுக்கு எவ்வளவு சேர்க்கணும்னு சீனியருக்குத்தான் தெரியும். "அண்ணே, பம்ப் உதறுது"ன்னு ராத்திரி 2 மணிக்குக் கேட்டாலும் சொல்லிடுவார். அவர் ரிட்டயர் ஆயிட்டா?

இந்த அனுபவத்தையெல்லாம் பதிஞ்சு வைக்க நிர்வாகம் ஒரு சாஃப்ட்வேர் வாங்கும். ஆளுக்கு மாசம் இத்தனை பதிவுன்னு டார்கெட் வைக்கும். வந்து விழறது, "பம்ப் பார்த்தாச்சு, ஓகே." நாசாவுலயே இதுக்குன்னு டேட்டாபேஸ் இருந்தும், அனுபவப் பாடங்களை மேனேஜர்கள் வழக்கமாப் பகிர்ந்துக்கறதில்லைன்னு 2002-ல அமெரிக்கத் தணிக்கை அமைப்பு எழுதிச்சு.

[காட்சி: ஜெராக்ஸ் மெஷினைத் திறந்து பார்க்கிற டெக்னீஷியன்]

ஜெராக்ஸ் கம்பெனி 1990-கள்ல பிரான்ஸ்ல தொடங்கின 'யுரேகா' வேற மாதிரி. ரிப்பேர் பண்றவங்களே குறிப்பு எழுதினாங்க, சக டெக்னீஷியன்கள் சரிபார்த்தாங்க, எழுதினவர் பேரோட எல்லாருக்கும் போச்சு. என்னைக் கேட்டா, அந்தப் பேர்தான் விஷயமே. தப்பா எழுதினா கேன்டீன்ல தலைகாட்ட முடியாதுல்ல!

நம்ம ஊருக்கு வருவோம். பிளாண்டுக்குள்ள செல்போனுக்கு அனுமதி இருக்காது. அதனால ஒர்க்ஷாப்லயே ஒரு கம்ப்யூட்டர், மைக். வேலை முடிச்சு வந்ததும் தமிழ்ல ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும். பம்ப் நம்பர் கட்டாயம். 'வைப்ரேஷன்'னு தேடினாலும் 'உதறுது'ன்னு தேடினாலும் அதே குறிப்பு வரணும். ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு வருஷம் முன்னாடியே சீனியர் பக்கத்துல ஒரு ஜூனியரை நிறுத்தணும். கடைசி வாரத்துல எழுதி வாங்கினா ஒண்ணும் தேறாது.

[காட்சி: புது பம்ப்பை கிரேன் இறக்குது]

பம்ப்பை மாத்துற அன்னைக்கே பழைய ஷிம் கணக்கை சிஸ்டத்துல இருந்து எடுக்கணும், யார் எடுக்கணும்னு பேர் போட்டு. இல்லேன்னா நைட் ஷிஃப்ட் தம்பி அதையே நம்பித் தகடு வைப்பார், புது பம்ப்போட பேரிங் போயிடும்.