கதிரின் மேல் நின்ற குழந்தைகள்

நண்பர்களே, ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்குகிறேன். 1958 ஆம் ஆண்டு சீனப் பத்திரிகையில் வந்த படம். நெல் வயல். கதிர்கள் அவ்வளவு அடர்த்தியாக விளைந்திருக்கின்றன. அவற்றின் மேலே சில குழந்தைகள் மெத்தையில் நிற்பது போலச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு கதிர்கூடச் சாயவில்லை.

பயிருக்குள் ஒரு பலகை ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்பது பிற்பாடு வெளியே வந்தது. இத்தகைய காட்சி வயல்களுக்காகப் பல வயல்களில் வளர்ந்த பயிரை வேரோடு பிடுங்கி வந்து ஒரே இடத்தில் நெருக்கி நட்டார்கள். வாழ்நாளில் ஒருமுறை நாற்று நட்டவருக்குக்கூட இது ஏமாற்று என்று தெரிந்திருக்கும். பயிருக்கு வெயில் வேண்டும், காற்று வேண்டும். சீனாவை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் மாவோவும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ஹெபெய் மாகாணத்துக்குப் போனவர், இவ்வளவு தானியத்தையும் எப்படிச் சாப்பிட்டுத் தீர்ப்பீர்கள் என்று அங்கிருந்த அதிகாரிகளிடம் கேட்டார். பஞ்சம் வாசலில் நிற்கும்போது அவருடைய கவலை தானியம் மிஞ்சிவிடுமே என்பது!

அவர் முட்டாள் அல்லர். அவரைச் சுற்றியிருந்தவர்களும் அல்லர். விளைச்சலையும் தொழிலையும் ஒரே தாவலில் பெருக்கிவிடலாம் என்ற ‘பெரும்பாய்ச்சல்’ திட்டத்தைத் தலைவர் நம்புகிறார் என்று தெரிந்ததும், அந்த நம்பிக்கையே ஓர் உத்தரவாகிவிட்டது. ஒரு வட்டாரச் செயலாளர் இரண்டு மடங்கு விளைந்தது என்றால், பக்கத்து வட்டாரத்தவர் நான்கு மடங்கு என்று சொல்லியாக வேண்டும். உள்ளதைச் சொன்னவருக்கு வலதுசாரி என்ற முத்திரை விழுந்தது. அந்த ஆண்டு அறுவடை 37.5 கோடி டன் என்று அறிவித்தார்கள். உண்மையில் விளைந்தது ஏறத்தாழ 20 கோடி டன்.

வெறும் காகிதப் பொய்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் கொள்முதலில் இருந்தது. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். நூறு மூட்டை விளைந்த ஊர், முந்நூறு மூட்டை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அரசின் பங்கு நான்கில் ஒன்று. அப்படியானால் எழுபத்தைந்து மூட்டை லாரியில் ஏறியாக வேண்டும். ஊருக்கு மிஞ்சுவது இருபத்தைந்து. விதைநெல்லும் அதற்குள் அடக்கம். கொடுக்க முடியாது என்றவர்களைத் தானியத்தைப் பதுக்கியவர்கள் என்று அடித்தார்கள். 1959 இல் மட்டும் 40 லட்சம் டன்னுக்கு மேல் தானியம் ஏற்றுமதியானது. அடுத்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 1.5 கோடி முதல் 4.5 கோடி வரை என்று ஆய்வாளர்கள் பலவாறாக மதிப்பிடுகிறார்கள். அந்த இடைவெளியைச் சற்று யோசித்துப் பாருங்கள். செத்தவர்களை ஒழுங்காக எண்ணக்கூட வழியில்லாமல் போயிருக்கிறது.

சொல்லிப் பார்த்தவர் இல்லாமல் இல்லை. 1959 ஜூலையில் லூஷானில் நடந்த கட்சி மாநாட்டின்போது பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய், மாவோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அடக்கமான கடிதம்தான், சாதனைகளைப் பாராட்டிவிட்டுத்தான் குறைகளுக்கு வந்தார். அதற்கே பதவி போயிற்று. அதற்குப் பிறகு கடிதம் எழுத யாருக்குக் கை வரும்?

கூட்டம் தொடங்குமுன் ஒரு நண்பர் என்னிடம் கேட்டார்: “தலைவனே நம்பிக்கை இழந்தால் மக்கள் என்ன ஆவார்கள்?” நியாயமான கேள்வி. நம்பிக்கையே வேண்டாம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. கெட்ட செய்தி கொண்டுவருகிறவனை வாசலிலேயே நிறுத்திவிடும் நம்பிக்கையைப் பற்றித்தான் பேசுகிறேன். எல்லோரையும் சந்தேகப்பட்ட ஒருவரைக்கூட இந்த நோய் பிடித்திருக்கிறது.

சோவியத் தலைவர் ஸ்டாலின் தம் சொந்தத் தளபதிகளையே நம்பாதவர். ஆனால் ஜெர்மனி இப்போதைக்குப் படையெடுக்காது என்று மட்டும் நம்பினார். 1941 ஜூன் 17 அன்று, ஜெர்மன் விமானப் படைத் தலைமையகத்தில் இருந்த உளவாளியின் எச்சரிக்கை அவர் மேசைக்கு வந்தது. தாக்குதலுக்கான ஏற்பாடுகள் முடிந்துவிட்டன, எந்த நேரமும் அடி விழலாம் என்றது அந்த அறிக்கை. அதன் மேல் அவர் கைப்பட எழுதியது, அந்த உளவாளியின் தாயை இழுக்கும் ஒரு வசவு. மேடையில் சொல்லத் தக்கதல்ல. ஐந்தாம் நாள், ஜூன் 22, ஜெர்மன் படைகள் எல்லையைத் தாண்டின.

பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சேம்பர்லினைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. எல்லோரும் அடித்து ஓய்ந்த மனிதர். இனிப் போர் இல்லை என்று ஹிட்லரோடு கையெழுத்திட்ட காகிதத்தோடு மியூனிக்கிலிருந்து திரும்பிய அதே காலத்தில் அவர் விமானப் படையையும் பெருக்கிக்கொண்டிருந்தார் என்பதை அவருக்காகச் சொல்லிவிட வேண்டும். 1938 இல் அந்தக் காகிதத்தைப் பார்த்து ஆரவாரம் செய்தவர்கள் மக்கள். இனிப்பான சொல்லைக் கேட்கக் கூட்டம் கூடும் வரையில் அதைச் சொல்ல ஆளும் கிடைப்பார். அவரோ பிறகும் பாடம் படிக்கவில்லை. 1940 ஏப்ரல் 4 அன்று, ஹிட்லர் பஸ்ஸைத் தவற விட்டுவிட்டார் என்று கட்சிக் கூட்டத்தில் பேசினார். ஏப்ரல் 9 அன்று டென்மார்க்கிலும் நார்வேயிலும் ஜெர்மன் படைகள் இறங்கின. மே 10 அன்று பதவி விலகினார்.

அந்த நண்பரின் கேள்விக்கு ஒரு சீட்டைக் காட்டிப் பதில் சொல்கிறேன். 1944 ஜூன் 5. மறுநாள், ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாடுகளின் ஒன்றரை லட்சம் வீரர்கள் இறங்க வேண்டும். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவர்தான் தலைமைத் தளபதி. வீரர்களுக்கு அவர் அச்சிட்டுக் கொடுத்த செய்தியில் தயக்கம் துளியும் இல்லை. முழு வெற்றிக்குக் குறைந்த எதையும் ஏற்கமாட்டோம் என்றார். அதே மனிதர், தோற்றுவிட்டால் வெளியிடுவதற்கென்று இன்னொரு சிறு அறிக்கையைப் பென்சிலால் எழுதினார். இறங்கிய இடத்தில் காலூன்ற முடியவில்லை, குற்றம் ஏதும் இருந்தால் அது என்னுடையது மட்டுமே என்பது அதன் சாரம்.

முதலில் ‘படைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன’ என்ற பொருளில் எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு ‘படைகளை நான் விலக்கிக்கொண்டேன்’ என்று திருத்தினார். எவ்வளவு பதற்றமோ, தேதியைத் தவறாகப் போட்டிருக்கிறார்: ஜூலை 5. சீட்டை மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டு, விடியலுக்காகக் காத்திருந்தார்.