என்ஜின் எப்போது வரும்?

நேயர்களுக்கு வணக்கம். பெட்டியில் உதிரிபாகங்களாக வரும் சின்ன விமானத்தை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் ரிவெட் அடித்துச் சேர்த்து, தானே ஓட்டிப் போகிற பழக்கம் அமெரிக்காவில் இன்றும் உண்டு. கட்டும் வேலையில் பாதிக்கு மேல் சொந்தமாகச் செய்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. இப்படி ஒரு புது விமானம் வரப்போகிறது என்று அறிவித்துவிட்டால், வடிவமைப்பு எந்த அளவில் இருக்கிறது என்ற செய்திகள் வந்துகொண்டே இருக்கும். வாலை மாற்றினார்கள், இறக்கையை நீட்டினார்கள் என்பார்கள். நான் அவற்றில் முதலில் தேடுவது என்ஜினை. காரணம், பி.டி.-5.

கான்சஸ் மாநிலத்தின் நியூட்டன் ஊரில் ஜிம் பீடி வடிவமைத்தது அது. ஒரே ஆள் உட்காரலாம். உட்காரலாம் என்பதைவிடச் சாய்ந்து படுக்கலாம் என்பதே சரி. நீளம் சுமார் 13 அடி. சக்கரங்கள் உள்ளே மடங்கும். இறக்கையைக் கழற்றிக் காருக்குப் பின்னால் கட்டி வீட்டுக்கே இழுத்துப் போகலாம். மணிக்கு 200 மைல் வேகம் என்றார்கள். யாருக்குத்தான் ஆசை வராது? 1971 பிப்ரவரியில் 200 டாலர் முன்பணம் வாங்க ஆரம்பித்தார் பீடி. ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டினார்கள். விமானம் முதன்முதலாகத் தரையை விட்டுக் கிளம்பியதோ அதே ஆண்டு செப்டம்பரில்தான், அதுவும் பனிச்சறுக்கு வண்டியின் என்ஜினை வைத்து.

அதற்குப் பிறகு வடிவமைப்பு வேகமாகத்தான் முன்னேறியது. வி வடிவ வால் சரிப்படவில்லை, வழக்கமான வாலுக்கு மாறினார்கள். ஃபைபர் கிளாஸ் உடலை விட்டு அலுமினியத்துக்கு வந்தார்கள். இதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். பறந்து பார்த்துத் திருத்துவதுதான் முறை.

நின்றுபோனது என்ஜினில். விமானியின் முதுகுக்குப் பின்னால் என்ஜின், வாலுக்குப் பக்கத்தில் புரொப்பெல்லர், இரண்டையும் இணைக்க நீளமான தண்டும் பெல்ட்டும். பிஸ்டன் என்ஜின் ஒரே சீராகச் சுழற்றுவதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு உதை. அந்த உதைகளில் தண்டு, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி, இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொள்ளும். குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் அந்த அதிர்வு பெருகி எதையாவது உடைக்கும். அதை அடக்குவதற்கே காலம் போனது. இடையில், என்ஜின் கொடுக்க வேண்டிய ஜெர்மனியின் ஹிர்த் நிறுவனம் 1974இல் திவாலானது. அப்புறம் ஜப்பானின் செனோவா என்ஜினைப் பிடித்தார்கள். அதற்குள் என்ஜின் இல்லாத பெட்டிகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. 1979இல் பீடியின் நிறுவனமே திவாலானது. விமானத்துக்கு முன்பணம் வாங்குவதில்லை என்று 10 ஆண்டுக்கு அவர் அரசிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

பீடியிடம் சோதனைப் பறப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பர்ட் ரூட்டன். 1974இல் விலகி, கலிபோர்னியாவின் மொஹாவேயில் சொந்தமாக விமான நிறுவனம் தொடங்கினார். பொதுமக்கள் வீட்டில் கட்டுவதற்காக அவர் வரைந்த வேரிஈஸி விமானத்தில் வைத்தது காண்டினென்டல் ஓ-200. செஸ்னா 150 பயிற்சி விமானங்களில் அடிபட்டுத் தேறிய, எங்கும் கிடைக்கிற என்ஜின். முதலில் பறந்து காட்டினார், பிறகே வரைபடங்களை விற்றார். நியூட்டனில் கிடைத்த பாடம் என்பது என் ஊகம்தான். ஆனால் வேறெப்படி நினைப்பது?

சமீபத்திய உதாரணம், ஒரெகனின் வேன்ஸ் நிறுவனத்து ஆர்வி-15. இறக்கை விமானியின் தலைக்கு மேலே இருக்கிற, அவர்களுடைய முதல் மேல்இறக்கை விமானம். 2022 ஜூலையில் அமெரிக்காவின் ஓஷ்கோஷ் விமானக் கண்காட்சிக்கு மாதிரி விமானம் பறந்தே வந்தது. அதில் இருந்தது லைகமிங் ஐஓ-390, ஏற்கெனவே ஆர்வி-14இல் ஓடுகிற என்ஜின். கூட்டம் மொய்த்தது, ஆனால் அப்போது ஆர்டர் வாங்கவில்லை.

பி.டி.-5 பெட்டிகளுக்குப் போவோம். ஆயிரக்கணக்கில் விற்றதில் பறந்தவை சில நூறு என்பார்கள். முதல் பறப்பிலேயே விழுந்தவையும் உண்டு. புரொப்பெல்லர் உயரத்திலிருந்து தள்ளி மூக்கைக் கீழே அழுத்திக்கொண்டிருப்பதால், என்ஜின் திடீரென நின்றால் மூக்கு மேலே எழும்பும். உடனே கீழே அழுத்தாவிட்டால் இறக்கையில் தூக்குவிசை போய்விடும். இருந்தும் சிலர் விடவில்லை. ஹோண்டா சிவிக் காரின் என்ஜினைப் பொருத்தி, தண்டையும் பெல்ட்டையும் தாங்களே திருத்திப் பறந்தார்கள்.

நன்றி, வணக்கம்.