முதலில் என் பேச்சை அடித்துவிடுங்கள்

(தென்னாப்பிரிக்காவின் டர்பனில், தமிழ் இளைஞர் மலைமுகாமுக்கு முந்தைய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

முகாம் அட்டவணையைக் கையில் கொடுத்துத்தான் என்னை மேடையேற்றினார்கள். காலை ஐந்தரைக்குத் தேவாரம், ஆறரைக்கு யோகா, எட்டரைக்குச் சொற்பொழிவு, அப்புறம் இன்னொரு சொற்பொழிவு. சனிக்கிழமைக்கு மட்டும் ஏழு பேச்சு. அதில் ஒன்று என்னுடையது. முதலில் அதை அடித்துவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஏழு பேச்சு கேட்க டிராகன்ஸ்பர்க் மலைக்கு எதற்குப் போக வேண்டும்? இங்கே டர்பனில், நம் சாட்ஸ்வர்த்தில் மண்டபம் இல்லையா? பல்கலைக்கழகம் ஒன்றின் மலைவிடுதி நமக்குக் கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களுக்குப் பல வருஷம் மாணவர்களைக் கூட்டிப்போனவன் நான். விடுதி என்றதும் ஹோட்டலை நினைக்காதீர்கள். நீளமான ஒரு கூடம், நடுவில் கணப்பு, இரண்டடுக்குக் கட்டில்கள், பெரிய சமையலறை. அவ்வளவுதான்.

பிரான்ஸில் மோன் பிளாங் மலைப்பக்கம் ஒரு மலைவீடு இருக்கிறது. 1891 முதல் ஆக்ஸ்போர்டு மாணவர்கள் கோடையில் அங்கே படிக்கப் போகிறார்கள். காலையில் அவரவர் புத்தகம், பிற்பகலில் நடை. எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் நம் மலையில் அதை அப்படியே செய்தால் ஆபத்து. நம் கோடையில், நவம்பர் முதல் மார்ச் வரை, விடியலில் வானம் கழுவிவிட்டது போல இருக்கும். வெயில் ஏற ஏற ஈரக்காற்று 3000 மீட்டர் மலைச்சுவரில் மோதி மேலே எழும்பும். மதியத்துக்கு மேல் இடி, மின்னல், ஆலங்கட்டி. சுவர் என்று சும்மா சொல்லவில்லை. ஸூலு மக்கள் அதை உக்கஹ்லாம்பா என்பார்கள், ஈட்டிகளால் ஆன வேலி.

ஒருமுறை என் பேச்சு நீண்டுவிட்டது. பதினோரு மணிக்குத்தான் கிளம்பினோம். ஒன்றரைக்கு ஒரு புல்மேட்டில் மாட்டிக்கொண்டோம். கும்பலாக நிற்காதே, தள்ளித் தள்ளிக் குந்து என்று கத்திக்கொண்டே நானும் குந்தினேன். பத்தொன்பது பிள்ளைகள். இன்றைக்கும் அந்த நாளை நினைத்தால் வயிறு கலங்கும். ஆகவே தலைகீழாக வையுங்கள்: விடிந்ததும் நடை, பன்னிரண்டுக்குள் கூரைக்கடியில். பேச்செல்லாம் இடி இடிக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சாப்பாடு. கேட்டரிங்குக்குச் சொல்லியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். சரி, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரிக்கு மூசிலாக் மலையடியில் ஒரு விடுதி இருக்கிறது. 1930களின் இறுதியில் மரத்தடிகளால் கட்டி, 2017இல் புதுப்பித்துக் கட்டியது. அங்கே சமையலும் பரிமாறலும் மாணவர் குழுவின் வேலை.

அமெரிக்காவரை ஏன் போக வேண்டும்? ஜோகானஸ்பர்க் பக்கம் லாலியில், 1910இல், காந்தியின் நண்பர் கலன்பாக் கொடுத்த 1100 ஏக்கரில் டால்ஸ்டாய் பண்ணை நடந்தது. சத்தியாக்கிரகக் குடும்பங்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு. வேலைக்காரர் கிடையாது. சமையல், கழிவறை, செருப்புத் தைப்பது எல்லாம் தாங்களே. சொந்த வேலையாக ஜோகானஸ்பர்க் போகிறவர் 21 மைல் நடந்தே போக வேண்டும். அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் காந்தி. தன் தமிழ் கப்பலிலும் சிறையிலும் கற்றது, போப் ஐயரின் கையேட்டைத் தாண்டவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அரைகுறைத் தமிழ் பேசக் கூச்சப்பட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, இது உங்களுக்குத்தான்.

சமையலறைப் பொறுப்பில் இருக்கும் அக்காமார் பிள்ளைகளை விரட்டாதீர்கள். என் மாணவன் ஒருவன், என் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டபோதெல்லாம் "ஓக்கே சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தவன். விடுதியில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மூட்டை உருளைக்கிழங்கு உரித்தான். பாதி மூட்டை ஆனபோது, அப்பா வேலை பார்த்த துணி ஆலையை மூடிவிட்டார்கள், அடுத்த மாதம் படிப்பை விடப்போகிறேன் என்றான். தலை நிமிரவில்லை, கத்தியும் நிற்கவில்லை. அவனுக்கு உதவித்தொகை தேட எங்களுக்கு மூன்று வாரம் கிடைத்தது.

எங்கள் அண்ணன்மாருக்கு இதெல்லாம் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகங்களை இனவாரியாகப் பிரித்த 1959 சட்டத்துக்குப் பின் இந்தியருக்கென்று தனிக் கல்லூரி, 1961இல், டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில். பழைய கடற்படைக் கட்டடங்களுக்குப் படகில் போய்ப் படித்தார்கள். 1972இல்தான் வெஸ்ட்வில் வளாகத்துக்கு மாறியது. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்து வைத்த சட்டம் 1990இல்தான் ஒழிந்தது. முன்வரிசையில் சிலர் தலையாட்டுகிறார்கள். பஸ்ஸில் அவர்களுக்கும் நாலு இடம் வையுங்கள். மலை ஏற வேண்டாம், வாசலில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இரவு எட்டுக்குக் "கலந்துரையாடல்" என்று போட்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு, நம் சீட்டாட்டமான துனி ஆடவிடுங்கள். செயலாளர் முகம் மாறுகிறது. காசு வைக்காமல்தான், ஐயா! தண்ணி என்ற தமிழ்ச் சொல்தான் துனி ஆயிற்று என்பார்கள். ஜாக்குக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ராஜாவுக்கு வெறும் மூன்று. எதிரே உட்கார்கிறவர்தான் கூட்டாளி. பேராசிரியர் ஒருவரும் முதலாண்டு மாணவி ஒருத்தியும் கூட்டாளியாக உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் தப்பாகச் சீட்டு போட்டார், அவள் திட்டினாள், அவர் மன்னிப்புக் கேட்டார். திங்கட்கிழமை வகுப்பில் அவள் முதல் முறையாகக் கேள்வி கேட்டாள்.

கடைசியாக இரண்டு காரியம். நடைக்குக் கிளம்பும் முன் மலைமீட்புப் பதிவேட்டில் பெயர், வழி, திரும்பும் நேரம் மூன்றையும் எழுதுங்கள். இறங்கியதும் வந்துவிட்டோம் என்று கையெழுத்துப் போட மறக்காதீர்கள். மறந்தால் உங்களைத் தேடி ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். அப்புறம், சமையலறை ஜன்னலுக்கு உள்கொக்கி இருக்கும், அதைப் போட்டுவையுங்கள். பபூன் குரங்குக்கு ரொட்டி எங்கே இருக்கிறதென்று உங்களுக்கு முன்னாலேயே தெரியும்.