மஞ்சளும் கரட்டும் இரத்தப் புற்றுநோய்க் கலங்களும்

ஹட்டனில் இன்று கூடியிருக்கும் ஆசிரியர்களுக்கும், உயர்தர மாணவர்களுக்கும், தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும், மஞ்சளும் கரட்டும் கொடுத்தால் குணமாகாதா என்று லயங்களில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கமாட்டேன். அதன் பின்னால் உண்மையான ஆய்வு இருக்கிறது.

மஞ்சளின் நிறப்பொருள் குர்குமின். அழற்சிக்குரிய மரபணுக்களை இயக்கும் என்எஃப் கப்பா பி என்ற புரதத்தை, மனித இரத்தப் புற்றுநோய்க் கலங்களில் அது அடக்குகிறது என்று 1995இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இத்தகைய ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் டிஎச்பி-1 கலங்கள், இந்நோய் கண்ட ஒரு வயது ஆண் குழந்தையின் இரத்தத்திலிருந்து வளர்க்கப்பட்டு 1980இல் அறிவிக்கப்பட்டவை.

இரத்தப் புற்றுநோய் ஓரிடத்தில் கட்டியாக நிற்பதில்லை. அதன் கலங்கள் என்பு மச்சையிலிருந்து இரத்தத்தில் இறங்கி, மண்ணீரலுக்கும் மூளையைச் சூழ்ந்த சவ்வுக்கும் கூடச் செல்கின்றன. இந்த நகர்வை அளக்க, நுண்துளைச் சவ்வை அடியில் கொண்ட சிறு கிண்ணத்தில் கலங்களை இட்டு, கீழ்த் திரவத்தில் அவற்றை ஈர்க்கும் புரதத்தைக் கலந்து, சில மணி நேரத்தின் பின் துளை வழியே இறங்கியவற்றை எண்ணுவார்கள். நிறப்பொருள் சேர்த்ததும் எண்ணிக்கை குறைந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் செத்த கலமும் நகராது என்பதால், உயிருள்ளவற்றைத் தனியே கணக்கிடாத முடிவை நான் ஏற்பதில்லை.

நுவரெலியாக் கரட்டின் செம்மஞ்சள் நிறமான பீற்றா கரோட்டீன் உடலில் விற்றமின் ஏ ஆகிறது; அதன் வழிப்பொருளான ரெட்டினோயிக் அமிலத்தின் ஒரு வடிவத்தைச் சீன மருத்துவர்கள் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்து, 24 நோயாளரிடமும் நோய் தணிந்ததாக 1988இல் எழுதினார்கள். முதிராத கலங்களை அது முதிரச் செய்கிறது. எனினும் சிலரில் அதே மருந்தால் கலங்கள் நுரையீரலுக்குள் புகுந்து, மூச்சுத் திணறும் அளவுக்கு அழற்சி உண்டாகிறது. அளவும் கண்காணிப்பும் இல்லாமல் இந்த மருந்து இல்லை. கரட் தின்று அந்த அளவை எட்டவும் முடியாது.

குர்குமினின் சிக்கல் வேறு. 2 கிராம் விழுங்கினாலும் இரத்தத்தில் அது அரிதாகவே தென்படுகிறது. மிளகின் பிப்பெரின் 20 மில்லிகிராமை உடன் கொடுத்தபோது, உடலில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்ததாக 1998இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பிப்பெரின் இதைச் செய்வது, குடலிலும் ஈரலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதியங்களைத் தடுத்துத்தான். பிப்பெரின் தடுக்கும் நொதியங்களுள் ஒருவகை, நித்தியகல்யாணியிலிருந்து பெறப்பட்டு நம் பிள்ளைகளுக்கு ஏற்றப்படும் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தையும் சிதைக்கிறது. அது தடைப்பட்டால் அம்மருந்து உடலில் மிகுந்து நரம்புகளைத் தாக்கலாம். கறியில் இடும் மஞ்சளையும் மிளகையும் நான் சொல்லவில்லை. கடையில் வாங்கும், பிப்பெரின் சேர்ந்திருக்கக்கூடிய மஞ்சள் வில்லையைக் கொடுக்க நினைக்கும் பெற்றோர், முதலில் அந்தப் போத்தலை மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்று, சிகிச்சை அளிக்கும் வைத்தியரிடம் காட்டுங்கள்.