கள்ள நோட்டில் யார் கையெழுத்து?

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, சுண்டல் தீர்ந்த பிறகும் எழுந்து போகாத பெரியோர்களே, வணக்கம்.

'வேல்ஸ் கவிதைக்கு யோலோ மோர்கானுக் செய்தது கொடையா, கேடா?' கொடை என்று பேசச் சொல்லி என்னை நிறுத்தியிருக்கிறார்கள். முன்னால் பேசிய அம்மா என்ன சொல்லிவிட்டுப் போனார்? "கள்ள நோட்டை எவ்வளவு அழகாக அடித்தாலும் கள்ள நோட்டுதான். மளிகைக் கடையில் நீட்டினால் போலீஸ்தான் வரும்!" நீங்களும் தட்டினீர்கள் கையை. நானும்தான் தட்டினேன், நல்ல வசனம்.

தாமதமாக வந்தவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 14ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸ் நாட்டில் டாவித் அப் குவிலிம் என்று ஒரு கவிஞர். காதல், காடு, குயில் என்று பாடிய மகாகவி. அவருக்கு நானூறு ஆண்டு கழித்து யோலோ. கல்கொத்தர். சொந்தப் பெயர் எட்வர்ட் வில்லியம்ஸ். 1789இல் லண்டனில் ஓவன் ஜோன்ஸ் என்ற தோல் வியாபாரி, ஒரு நண்பரோடு சேர்ந்து டாவித்தின் கவிதைகளை அச்சுக்குக் கொண்டுவருகிறார். யோலோ, "இன்னும் கொஞ்சம் இருக்கிறது, எங்கள் கிளமோர்கன் பக்கத்துப் பழைய ஏடுகளில் கிடைத்தது" என்று ஒரு கட்டு அனுப்பினார். பிற்சேர்க்கையாக அதையும் போட்டார்கள். அதில் பெரும்பாலானவை எந்த ஏட்டிலும் இல்லை, அவரே உட்கார்ந்து எழுதியவை!

அம்மா, உங்களை ஒன்று கேட்கிறேன். கள்ள நோட்டு அடிக்கிறவன் எதற்கு அடிக்கிறான்? தன் பை நிரம்ப. யோலோ அடித்த நோட்டில் யார் கையெழுத்து? டாவித்தின் கையெழுத்து. பாராட்டு யாருக்குப் போனது? டாவித்துக்கு. அடுத்தவன் கவிதையைத் தன் பெயரில் போட்டுக்கொள்கிற ஆளை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், இந்த அரங்கிலேயே இரண்டு பேர் தலையைக் குனிகிறார்கள். தன் கவிதையை அடுத்தவன் பெயரில் எழுதி வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனவனை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? இதற்குப் பெயர் திருட்டா? பீரோவைத் திறந்து நகையை வைத்துவிட்டுப் போகிற திருடன் எங்கள் தெருவுக்கும் வந்தால் தேவலை.

அப்புறம், அந்த நோட்டை அடிப்பது லேசா? வரிக்கு 7 அசை. இரண்டிரண்டு வரியாக இயைபு; ஓர் ஈற்றில் அழுத்தம் விழ வேண்டும், மற்றதில் விழக்கூடாது. அதற்கு மேல், வரியின் முன்பாதியில் வந்த மெய்யெழுத்துகள் அதே வரிசையில் பின்பாதியிலும் வர வேண்டும். மோனை எதுகைக்கே நமக்கு மூச்சு வாங்குகிறது. யோலோ அதை எழுதி, 1926இல் கிரிஃபித் ஜான் வில்லியம்ஸ் என்ற அறிஞர் புத்தகம் போட்டு நிரூபிக்கிற வரைக்கும், 137 ஆண்டுகள் ஊரே நம்பியது. மளிகைக் கடையில் நூற்று முப்பத்தேழு வருடம் செல்லுபடியான நோட்டு, நடுவர் அவர்களே!

"தெளிந்த குளத்தைக் கலக்கினான்" என்றார் இன்னொரு நண்பர். தெளிந்த குளமா? டாவித்துக்கு எத்தனை கல்லறை தெரியுமா? இரண்டு! ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடா மடத்து யூ மரத்தடியில் என்று ஒரு கட்சி, 1951இல் அங்கே நினைவுக்கல் வைத்தது. இல்லை, டாலி மடத்தில் என்று மறு கட்சி, 1984இல் அங்கேயும் ஒரு கல். யூ மரத்துக்குச் சாட்சி யார்? கிரிஃபித் கிரிக் என்ற சக கவிஞர், அந்த மரத்தைப் பார்த்துப் பாடிய பாட்டு. இவரும் டாவித்தும் பாட்டாலேயே பட்டிமன்றம் நடத்தியவர்கள். "காதல் வேல் என் உடம்பெல்லாம் தைத்திருக்கிறது" என்று டாவித் பாட, "இத்தனை வேல் தைத்தவன் எப்போதோ செத்திருக்க வேண்டுமே" என்று இவர் மடக்கினார். சரி, வேடிக்கை அதில் இல்லை. கிரிஃபித் டாவித்தின் கல்லறை மரத்தைப் பாடியிருக்கிறார். டாவித்தும் கிரிஃபித் இறந்ததற்கு இரங்கற்பா பாடியிருக்கிறார். இவர் சாவுக்கு அவர், அவர் சாவுக்கு இவர். ஒரு ஆளாவது உயிரோடிருந்தவனுக்குத்தானே ஒப்பாரி வைத்திருக்க வேண்டும்? இது யோலோ பிறப்பதற்கு நானூறு ஆண்டு முந்திய கலங்கல். ரீஸ் மெய்கென் என்பவர் டாவித்தின் வசைப்பாட்டைக் கேட்டு அங்கேயே விழுந்து செத்தார் என்றுகூட ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குளத்தில் யோலோ ஒரு கல்லைப் போட்டார், அவ்வளவுதான்.

கல் என்றதும் ஞாபகம் வருகிறது. நடுவர் மணியைத் தொடுகிறார், ஐயா, இதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

1819, கார்மார்த்தன் ஊர். கவிதைத் திருவிழா. ஐவி புஷ் என்ற விடுதித் தோட்டம். எழுபதைத் தாண்டிய யோலோ வருகிறார். 'ஆதி ட்ரூயிட் பூசாரிகள் காலத்துச் சடங்கு' என்று சொல்லிக் கவிஞர் சபையைக் கூட்டப் போகிறார். அந்தச் சடங்கும் அவர் மண்டையில் முளைத்ததுதான். 1792இல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் முதன்முதலாக நடத்தியும் காட்டிவிட்டார். சடங்குக்குக் கல் வட்டம் வேண்டும். பெரிய பெரிய கற்கள், புராதனக் கற்கள். எங்கே கற்கள்? எல்லோரும் பார்க்கிறார்கள். கிழவர் கோட்டுப் பைக்குள் கையை விடுகிறார்... எடுக்கிறார்... கூழாங்கல்! ஒன்று, இரண்டு, மூன்று என்று புல்லில் வட்டமாக வைக்கிறார். கடைசி வரிசைக்குக் கேட்டதா? பையிலிருந்து, ஐயா, பையிலிருந்து! மூவாயிரம் வருட நாகரிகத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அந்த வட்டத்தில் மாவட்டத் திருச்சபையின் பேராயரையே நிறுத்தி, கையில் ரிப்பனும் கட்டிவிட்டார்.

அந்தக் கூழாங்கல் வளர்ந்தது. இன்று வேல்ஸில் ஊர் ஊராக ஆள் உயரக் கல் வட்டங்கள் நிற்கின்றன, திருவிழா நடந்த ஊர் என்பதற்கு அடையாளமாக. ஊருக்கு ஊர் கல் நட்டுக் கட்டுப்படியாகவில்லை. 2005இலிருந்து என்ன செய்கிறார்கள்? ஃபைபர் கிளாஸில் செய்த கல், லாரியில் ஏற்றி ஊர் மாற்றிக்கொள்ளலாம். பொய்ச் சடங்குக்குப் பொய்க் கல்! எதிரணி சிரிக்கிறது, சிரியுங்கள். அந்தப் பொய் வட்டத்தைப் பார்க்க வருகிற கூட்டமும் அங்கே பேசப்படுகிற மொழியும் நிஜம் அம்மா.

சிரித்தது போதும். யோலோவின் அம்மா வீட்டில் பேசியது ஆங்கிலம். வேல்ஸின் தாய்மொழியான வெல்ஷ் அவர் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட மொழி. கடனில் மூழ்கி கார்டிஃப் சிறையில் கிடந்திருக்கிறார். பின்னால் கௌபிரிட்ஜில் ஒரு சின்னக் கடை வைத்தார். அதில் அடிமைகள் உழைப்பில் விளைந்த சர்க்கரை விற்க மாட்டேன் என்று பிடிவாதம், அவ்வளவு வறுமையிலும். ஆஸ்துமா. படுத்தால் மூச்சு முட்டும். வருடக் கணக்காக நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். சுற்றிலும் ஏட்டுக் கட்டுகள். உண்மையான பழைய ஏடுகளை நடந்தே தேடிப்போய்ப் படியெடுத்த கட்டுகள் அவற்றில் எத்தனையோ. 1826 டிசம்பரில் அந்த நாற்காலியிலேயே போய்விட்டார்.

இன்றும் ஆகஸ்ட் மாதம் அந்தத் திருவிழாவில், வென்ற கவிஞரின் பெயரை அறிவிக்கும் வரை யாருக்கும் யார் என்று தெரியாது. புனைபெயரைச் சொல்லி அழைத்தால், கூட்டத்தில் எங்கோ ஒரு ஆள் எழுந்து நிற்பார். மேடைக்கு அழைத்துப் போவார்கள். தலைமைப் பூசாரி வாளைப் பாதி உருவி மூன்று முறை கேட்பார், "அமைதி உண்டா?" ஊரே திருப்பிக் கத்தும், "அமைதி!" பிறகுதான் கவிஞரை உட்கார வைப்பார்கள், பரிசாகத் தரும் நாற்காலியில்.

நாற்காலியில், நடுவர் அவர்களே.

மணி அடித்துவிட்டீர்கள். வணக்கம்.