கண்ணுக்குள் ஒரு வடிகால், அதை அடைக்கும் ஒரு புரதம்

[திரையில்: கண்ணின் குறுக்குவெட்டுப் படம்]

வணக்கம். கண்ணில் நீர் என்றாலே கண்ணீர்தான் நினைவுக்கு வரும், ஆனால் இன்று பார்க்கப்போவது அது இல்லை. கண்ணுக்கு உள்ளேயே ஊறி, உள்ளேயே வடிந்துபோகிற வேறொரு நீர். நிமிடத்துக்கு 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர்தான் ஊறும், ஒரு சொட்டு சேரவே இருபது நிமிடம் பிடிக்கும். ஊறுகிற அளவுக்கு வடியவில்லை என்றால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமாகும். அதுதான் குளுக்கோமா. பெரும்பாலும் வலியே இருக்காது, போன பார்வையும் திரும்பாது.

[வெள்ளைவிழியும் கருவிழியும் சேரும் ஓரம், நெருக்கத்தில்]

நீர் வடிவது இந்த ஓரத்தின் உள்பக்கத்தில். பஞ்சு மாதிரி ஒரு வலை, கொலாஜன் போன்ற புரத இழைகளின் மேல் செல்கள் போர்த்தியிருக்கும். இந்தச் செல்கள் சும்மா இருப்பதில்லை. நீரோடு வரும் குப்பையை விழுங்கும், பழைய இழைகளை அறுத்துப் புதிதாகக் கட்டும். இவை நலிந்தால் வடிகாலும் கெடும்.

சரி, இப்போது மயோசிலின். வலைச் செல்களில் நிறையவே இருக்கும் புரதம் இது. இதன் மரபணுவில் பிழை இருந்தால் குளுக்கோமா வரும் என்று 1997-இல் தெரியவந்தது, சிலருக்குப் பதின்வயதிலேயே வந்துவிடுகிறது. எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் என்னவென்றால், மயோசிலினே இல்லாத எலிகளுக்கு இந்த நோய் வரவில்லை! அப்படியானால் புரதம் இல்லாமல் போனது பிரச்சினை இல்லை, மரபணுப் பிழையால் சரியான வடிவம் எடுக்காமல் தப்பாக மடிந்த புரதம் வெளியே போக முடியாமல் செல்லுக்குள்ளேயே தேங்கி, கூட இருக்கும் நல்ல மயோசிலினையும் பிடித்துவைத்து, கடைசியில் அந்தச் செல்லையே நலிய வைக்கிறது, அதுதான் பிரச்சினை. குளுக்கோமா உள்ள எல்லோருக்கும் காரணம் இதுவல்ல, பெரியவர்களுக்கு வரும் திறந்த கோண வகையில், அதாவது வடிகால் ஓரம் திறந்தே இருந்தும் நீர் சரியாக வடியாத வகையில், நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்குத்தான்.

[மருந்துக் குப்பி]

அப்புறம் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. இதைத் தொடர்ந்து விட்டால் சிலருக்கு வலையில் ஃபைப்ரோநெக்டின் போன்ற புரதங்கள் படிந்து, வழி குறுகி, அழுத்தம் ஏறும். அரிப்பு என்று குழந்தைக்கு ஒருமுறை எழுதிக்கொடுத்த சொட்டையே மெடிக்கலில் திரும்பத் திரும்ப வாங்கி மாதக்கணக்கில் விடுகிறவர்கள் தயவுசெய்து குப்பியை எடுத்துப் பாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். குப்பியோடு கண் டாக்டரிடம் போய் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள், சில நிமிட வேலைதான்.