தாழிக்குள் இருந்ததும் நெல்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தாமிரபரணியின் பெருமைக்குப் பெரிதும் காரணம் அதன் தொன்மையா, பாசனமா என்ற இந்த வழக்கில், பாசனமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் சிவகளை, ஆதிச்சநல்லூர், கொற்கை என்று தாமிரபரணிப் பகுதியின் மூன்று பழைய ஊர்களைச் சாட்சிக்கு அழைத்தார். அந்த மூவரையும் நான் குறுக்கு விசாரணை செய்கிறேன். சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த உமி ஏறத்தாழ 3,200 ஆண்டுப் பழமை உடையது என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டபோது நாம் எல்லோரும் பூரித்தோம். இறந்தவரோடு அந்த மக்கள் வைத்தனுப்பிய பொருள் நெல் அல்லவா? தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த ஆதிச்சநல்லூர் ஈமக்காடோ பயிர் ஏறாத பாறைப் பரம்பு; வயலுக்கு ஆகும் மண்ணைப் பிணத்துக்குக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை என்றே நான் எண்ணுகிறேன். பாண்டியரின் முத்துத்துறையான கொற்கை, ஆறு கொண்டுவந்த வண்டலால் கடல் விலகி, இன்று சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. துறையைத் தூர்த்த அதே வண்டல்தான் நஞ்சைக்கு உரமாயிற்று.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் இந்த ஆற்றின் குறுக்கே, கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டுமே ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. மற்ற ஏழும் அதற்கு மூத்தவை. அவை நீரைத் தேக்கிவைப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. மட்டத்தைச் சற்றே உயர்த்தி, கோடகன் கால், பாளையங்கால், மருதூர் மேலக்கால் என வாய்க்கால்களில் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தலைமேல் வழியவிட்டு அடுத்த அணைக்கட்டுக்கு அனுப்புகின்றன. வாய்க்கால் குளத்தை நிரப்ப, குளத்து மடை வயலுக்குத் திறக்க, அந்தக் குளம் நிரம்பி வழியும் மறுகால் நீர் அடுத்த குளத்துக்கு வரத்தாகிறது. மேல்மடைக்காரர் வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு கீழே விட்டால்தான் இந்த ஏற்பாடு நிற்கும். இத்தனை ஊர்களை இப்படிப் பிணைத்துவைத்த அறிவைவிடப் பெரிய தொல்பொருள் எதையும் நான் அறியேன். தென்மேற்குப் பருவமழையில் கார், வடகிழக்கில் பிசானம் என்று இருபோக நெல் விளைச்சல் இதனால்தான் கைகூடிற்று.

காருக்கு நீர் போதாத ஆண்டுகளும் வருகின்றனவே என்று எதிரணி கேட்கலாம். வருகின்றன, அப்போது கடைமடை உழவர் வரப்பில் நின்று ஆற்றைத்தான் பார்க்கிறார். காட்சிக்கூடத்துத் தாழியைப் பார்த்து அப்படித் தவிப்பார் எவருமில்லை, நடுவர் அவர்களே.